பஞ்சக்காவும் எங்கள் தகரக் கூரையும்

திருவண்ணாமலை வெயிலைச் சொந்த விரோதியாகவே பாவித்தவர் பஞ்சக்கா ஒருவர்தான். தகரக் கூரைக்கு அடியில் கிளாஸ் ஊல் பதிப்பது அவர் தொழில். கண்ணாடியை உருக்கி இழையாக்கிய மஞ்சள் பஞ்சு அது. சூட்டை உள்ளே விடாது. அதனால்தான் அந்தப் பெயர். கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க், மூக்குக்கண்ணாடி என்று ராக்கெட் ஏறப் போகிறவர் மாதிரி வருவார்.

எந்த வீட்டுக்குக் கூப்பிட்டாலும் உச்சிவெயிலில் போய் வெறுந்தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். சூடு தாங்க முடிகிறது என்றால், "உங்களுக்கு இது தேவையில்லீங்க. மேல வெள்ளை பெயின்ட் அடிங்க, போதும்" என்று கிளம்பிவிடுவார். செங்கம் ரோட்டு விடுதி ஒன்றில் இப்படிப் படுத்திருந்தபோது, ஒரு வெள்ளைக்கார அம்மாள் தியானம் என்று நினைத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். பஞ்சக்கா எழுந்து பார்த்தால் வரிசையாக ஆறு பேர்!

வேங்கிக்காலில் நாங்கள் குடியிருந்த தகரக் கூரை மாடிக்கும் அவரைக் கூப்பிட்டேன். மூன்று மாதக் குழந்தைக்குக் கழுத்து முதல் முதுகு வரை வேர்க்குரு. இரவும் பகலும் அழுகை. மனைவி, "நான் அம்மா வீட்டுக்கே போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

பஞ்சக்கா படுத்தார். ஒரே நிமிடத்தில் எழுந்துவிட்டார்.

"இது வூடு இல்ல சார், தோசைக்கல்லு! ரெண்டு நாளு பாப்பாவ கீழ் வூட்ல வெச்சுக்கங்க. இந்தப் பஞ்சு ஒடம்புல பட்டா அரிப்பு ஜாஸ்தி."

கீழ் வீட்டு ஓனர் காதில் 'பஞ்சு' மட்டும்தான் விழுந்தது போலிருக்கிறது. முதல் நாள் பஞ்சக்கா அளவு வெட்டியதுபோக மிச்சம் கிடந்த துண்டுகளைச் சத்தமில்லாமல் அள்ளிப்போய்த் தலையணையில் அடைத்துவிட்டார். மறுநாள் காலை படியேறி வந்தார். நடையா நடனமா என்று சொல்ல முடியவில்லை.

"என்னாம்மா பஞ்சு இது!"

"ஐயையோ, சொறியாதீங்க! அது தலைக்கு இல்லீங்க, கூரைக்கு!"

திட்டிக்கொண்டேதான் பஞ்சக்கா அவர் கழுத்தைப் பச்சைத் தண்ணீரில் கழுவினார். ஒட்டும் டேப்பை வைத்து வைத்து எடுத்து, இழை இழையாக நீக்கினார். பிறகுதான் எங்கள் கூரைக்கு வந்தார். பஞ்சைப் பதித்து, அடியில் பலகை அடித்து மூடி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

பத்து நாளில் வேர்க்குரு உதிர்ந்தது. அம்மா வீட்டுப் பேச்சும் நின்றது.

அந்த வருடத்து முதல் மழையன்று தகரத்தில் சத்தமே இல்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டித்தான் மழை என்று தெரிந்துகொண்டோம். உடனே பஞ்சக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்னா சார், ஒழுவுதா?"

"இல்லக்கா. இவ்ளோ மழையிலயும் பாப்பா தூங்குறா. அதைச் சொல்லத்தான்."

"ஒழுவுனாத்தான் சார் எல்லாரும் எனக்கு போன் பண்ணுவாங்க" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் அவருக்குப் போன் செய்கிறேன். இதுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை.