வெறுங்குடத்து மதினி பார்த்த சினிமா

கதையைக் கவனிக்காமல், நடிகர் பெயர் தெரியாமல், பாட்டுக்குத் தலையாட்டாமல் படம் பார்த்து, ஒரு படத்தைப் பற்றிக்கூடத் தப்பாகச் சொல்லாத ஒரே சினிமா விமர்சகர் இந்த உலகத்தில் உண்டென்றால், அது நாரணாபுரத்து வெறுங்குடத்து மதினிதான். இத்தனைக்கும் அவர் ஒரு வரி எழுதியதில்லை. எழுதியதெல்லாம் நான். அந்த வில்லங்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

அப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை எனக்கு. நாரணாபுரத்தில் வாடகை வீடு. ஒரு வாரப் பத்திரிகைக்குச் சினிமா விமர்சனமும் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மதினி, பட்டாசுக் கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் கட்டுகிறவர். தெருவுக்கே மதினி என்பதால் எனக்கும் மதினி. தனியாகத் தியேட்டருக்குப் போகக் கூச்சப்பட்டு, "துணைக்கு வாரீகளா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

"படமா? தலைய வலிக்குமே தாயி" என்றார். நான் செருப்பு மாட்டுவதற்குள் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

படத்தில் முதல் பாட்டு. கதாநாயகி இடுப்பில் குடத்தோடு வரப்பில் ஆடி வருகிறாள். தியேட்டரே விசில் அடிக்கிறது. அதற்கு மேலே ஒரு குரல் எழுந்தது.

"வெறுங்குடம்!"

விசில் நின்றது. முன்வரிசைத் தலைகள் அத்தனையும் திரும்பின. நான் இருக்கைக்குள் முடிந்த அளவு சுருங்கிக்கொண்டு, "என்ன மதினி?" என்றேன்.

"குடத்துல தண்ணி இல்ல தாயி. நெறஞ்ச குடம்னா இடுப்பு ஒரு பக்கம் ஒடியும். மறு கை தன்னால விரியும். இவ என்னன்னா பலூனத் தூக்கிட்டு வாரவ மாதிரி குதிச்சிக் குதிச்சி வாரா. இதுல பாட்டு வேற."

அதற்குப் பிறகு எனக்குப் பாட்டும் கேட்கவில்லை, நாயகியும் தெரியவில்லை. குடம் மட்டும்தான் தெரிந்தது. மதினிக்குப் பெயரும் அன்றைக்கே விழுந்துவிட்டது. புதுப்பட போஸ்டர் ஒட்டுகிறவர்கூட மதினி எதிரே வந்தால் சகுனம் பார்த்து எதிர்ப்பக்கம் போய் ஒட்டினார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் மதினி யாரையும் விடவில்லை. வெளிநாடு புறப்படும் நாயகனின் பெட்டியில் ஒரு சட்டைகூடக் கிடையாது என்றார். பணக்கார அப்பா குடிக்கும் டம்ளரில் காப்பி இல்லை. தொண்டை அசையவே இல்லை என்றார். உச்சமாக ஒரு சாவு வீடு. தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சுகிறது. நான்கு பேர் பாடையைத் தூக்குகிறார்கள். மதினி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"பாடையில ஆளு இல்ல. தோளப் பாருங்க."

அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையோடு சிரித்தார்கள். இடைவேளையில் தியேட்டர் மேனேஜரே வந்துவிட்டார். "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எதுன்னாலும் வெளிய வந்து சொல்லுங்க. உள்ள சொல்லாதீக."

"வெளிய வந்தா மறந்துருமேய்யா" என்றார் மதினி.

இந்தக் கண் இவருக்கு எப்படி வந்தது என்பது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. ஒருநாள் பஸ்ஸில் அவருடைய கம்பெனி போர்மேனைப் பார்த்தபோது கேட்டேன். கட்டி முடித்த பெட்டியை மதினி ஒற்றைக் கையால் தூக்கி, "இதுல கம்பி மத்தாப்பு ஒண்ணு கொறையுது" என்பாராம். பிரித்தால் குறையுமாம். "தராசு தப்பாக் காட்டினாலும் காட்டும்மா. அந்தக்கா கை காட்டாது" என்றார் போர்மேன்.

இனி வில்லங்கம். அந்தச் சமயத்தில் ஒரு படம் வந்தது. மகனுக்காக ஒரு தாய் மூட்டை சுமந்து மலையேறும் கதை. ஊரே கொண்டாடியது. நானும் 'காவியம்' என்று எழுத வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மதினி, "மூட்டையில பஞ்சு" என்றார். வீட்டுக்கு வந்து எழுதினேன்: 'தாயின் முதுகில் இருப்பது பஞ்சு மூட்டை. அதனால்தான் அவள் துயரம் கடைசிவரை நம்மேல் இறங்கவே இல்லை.'

ஆசிரியர் போன் செய்தார். "பிரமாதம்மா. இந்தக் கண்ணு உங்களுக்கு எங்கேருந்து வந்தது?"

ஒரு நொடி யோசித்தேன். யோசித்துவிட்டு, "பழக்கம்தான் சார்" என்றேன்.

பிறகு வாராவாரம் பழக்கம்தான். பாடையையும் டம்ளரையும் பெட்டியையும் என் பெயரில் எழுதினேன். வாசகர் கடிதங்கள் குவிந்தன. மதினிக்கு நான் எங்கே, என்ன எழுதுகிறேன் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அதே பஞ்சு மூட்டை இயக்குநர் ஆனைக்குட்டம் அணைப் பக்கம் படப்பிடிப்புக்கு வந்தார். படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த விமர்சகரும் வந்து பார்க்கட்டும் என்று ஆசிரியர் மூலம் எனக்கு அழைப்பு. போனேன். நாயகிக்குப் பின்னால் குடத்தோடு நடக்கப் பன்னிரண்டு பெண்கள். கடைசி ஆள் பச்சைச் சேலையில் மதினி! கம்பெனிப் பெண்களோடு வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் குடத்தோடு கையாட்ட முயன்று கைவிட்டார். அந்தக் கை விரிந்து நின்றதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. குடத்தில் தண்ணீர்.

முதல் டேக்கில் பதினோரு பேர் நாயகியோடு நடந்தார்கள். மதினி பின்தங்கினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் இயக்குநர் மைக்கை எடுத்தார்.

"அந்தப் பச்சைப் புடவை அம்மா ஏன் பின்னாடியே வர்றாங்க?"

"தண்ணி கனக்குதுல்லய்யா. மெதுவாத்தான வர முடியும்?"

"உங்களை யாரும்மா தண்ணி பிடிக்கச் சொன்னது? கீழ ஊத்துங்க. அதையெல்லாம் யார் பார்க்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்" என்றார் மதினி.

இயக்குநர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "இவங்களும் உங்க விமர்சனத்தைப் படிச்சிட்டு வந்திருக்காங்க போல."

எனக்குக் காது சுட்டது. இத்தனை பேர் முன்னால் சொல்லாவிட்டால் பிறகு எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. "இல்ல சார். அவங்க சொன்னதைத்தான் நான் எழுதினேன். பஞ்சு மூட்டை அவங்க சொன்னதுதான்."

இயக்குநர் நேரே மதினியிடம் போனார். குடத்தை வாங்கினார். நாலு எட்டு நடந்தார். பேண்டெல்லாம் நனைய, குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். "எல்லாக் குடத்துலயும் தண்ணி பிடிங்க. ஹீரோயின் குடத்துலயும்" என்றார். அதைத் தூக்கிய பிறகு நாயகிக்கு நடிக்க மூச்சு மிச்சமில்லை. அதனாலேயே அந்த ஷாட் நன்றாக வந்தது.

திரும்பும் பஸ்ஸில் மதினி ஜன்னலோரம் உட்கார்ந்தார். சிவகாசி வரும்வரை பேச்சில்லை. கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

"எம்புட்டு நாளா எழுதுற?" என்றார் கடைசியில்.

"ஒரு வருசமா மதினி."

"அந்தப் பாடை?"

"அதையும்தான்."

"மாத்தி கீத்தி எழுதிரலியே?"

அடுத்த ஞாயிறு சினிமா கிடையாது. என் வீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து அத்தனை விமர்சனங்களையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரே ஒரு இடத்தில் கை நீட்டி நிறுத்தினார். "நான் எங்கன டீன்னு சொன்னேன்? காப்பின்னுல்ல சொன்னேன்! நீ பிழை திருத்துறவதான?"

அன்றே ஆசிரியருக்கு உண்மையை எழுதினேன். விமர்சனப் பத்தியே போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவரோ, "அப்போ அவங்களையே எழுதச் சொல்லுங்களேன்" என்றார். மதினியிடம் சொன்னேன்.

"சீசன் நேரம். ஆர்டர் மலையாக் கெடக்கு. இதுல நான் எழுத வேற செய்யணுமாக்கும். நீயே எழுது. எம்பேரு மட்டும் போட்ரு." அப்படியே ஆனது.

அணைக்கரைப் படமும் வந்தது. அந்த ஷாட் மூன்றே நொடி. தீர்ப்புக்காகத் தியேட்டரே எங்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தது. மதினி வாய் திறக்கவில்லை. "என்ன மதினி?" என்றேன்.

"நான் எங்க தாயி குடத்தப் பாத்தேன்? எங்க கம்பெனிப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் வந்தாளுக. மாரியம்மா எம்புட்டு அழகா இருக்கா பாத்தியா?"

இப்போது நான் மதுரையில் இருக்கிறேன். போன மாதம் திடீரென்று பஸ் ஏறி நாரணாபுரம் போனேன். என்னைக் கண்டதும் மதினி சேலை மாற்ற எழுந்தார். "என்ன படம் தாயி?"

"படம் ஒண்ணும் இல்ல மதினி. சும்மா உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

"என்னையவா?" என்று கேட்டுவிட்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.