மாமிக்கு நான் போட்ட நிலம்

புதிதாகக் கலியாணம் முடித்த பெண்ணுக்கு ஒரு வியாதி உண்டு. தெரியாத வேலையையும் தெரியும் என்று மாமியார் வீட்டில் சொல்லிவிடுவாள். சிலர் சமையலில் மாட்டுவார்கள், சிலர் தையலில். நான் தச்சுவேலையில் மாட்டினேன்.

நான் முல்லைத்தீவுக் கரையோரத்து வேதக்காரப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள். என் கணவரின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வட்டக்கச்சியில் வயல் செய்த சைவக்காரர். நாங்கள் விரும்பி முடித்தது மாமிக்குப் பிடிக்கவில்லை. அதற்காக அவர் சண்டை பிடிக்கவில்லை. என்னோடு கதைக்கவில்லை, அவ்வளவுதான். நான் பக்கத்திலேயே நிற்பேன். "தம்பி, தேத்தண்ணி இருக்கோ எண்டு கேள்" என்று மகனிடம் சொல்வார். (போட்டுக் கொடுப்பது நான்.)

வீட்டில் ஷெல் விழுந்தபோது மாமியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வீடும் போனது. அதன்பிறகு நாங்கள் ஒரு பழைய நெல் களஞ்சிய அறையில் இருந்தோம். வாசல் பக்கத்துப் பாதி சீமெந்து நிலம். உள்பாதி, மரச் சட்டங்களின் மேல் அடித்த பலகை. பலகைப் பக்கம் இரண்டு விரல் அளவு தாழ்ந்து போயிருந்தது. இரண்டும் சேரும் இடத்தில் மாமியின் ஊன்றுகோல் இடறும். ஒரு நாள் அப்படியே விழுந்துவிட்டார். தூக்கப் போன என் கையை விலக்கிவிட்டு, கதிரையைப் பிடித்துத் தானே எழும்பினார்.

அன்று சாப்பாட்டு நேரம் நான் கணவரிடம் சொன்னேன்: "நிலத்தை நான் சமப்படுத்தித் தாறன். எங்கட அப்பா வள்ளம் திருத்திறவர் எல்லோ."

அப்பா வள்ளம் திருத்தினார் என்பது உண்மை. நான் பக்கத்திலிருந்து ஆணி எடுத்துக் கொடுத்தேன் என்பதும் உண்மை. அதற்கு மேல் ஒன்றும் உண்மையில்லை.

போர்த்தடையால் சீமெந்து வன்னிக்குள் வராத காலம் அது. கணவர் எங்கோ மூடிக்கிடந்த கடையில் தடித்த பிளைவூட் பலகைகள் கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டி, பாய் விரித்த வள்ளம் போல ஆடி ஆடி வந்து சேர்ந்தார். மறுநாள் அவர் வயலுக்குப் போனதும் நான் சுத்தியலைத் தூக்கினேன்.

மரப் பக்கம் சுகமாக முடிந்தது. பழைய பலகையில் மெல்லிய மரச் சிலாகை அடித்துச் சீமெந்து மட்டத்துக்கு உயர்த்தி, அதன்மேல் பிளைவூட்டை வைத்து அறைந்தேன். அந்தத் தடிப்புக்குச் சரியாகச் சீமெந்தின் மேலும் பிளைவூட் போட வேண்டும்; அங்கேதான் ஆணி இறங்க மறுத்தது. அடித்த ஆணியெல்லாம் பொரித்த இறால் மாதிரிச் சுருண்டன. கட்டிலில் இருந்த மாமி ஒவ்வொரு இறாலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ஆணி எதற்கு? இறுக்கினால் போதாதா? அயல்வீட்டு ஆடு வந்து வந்து பலகையில் ஏறியதால் கதவைச் சாத்தியிருந்தேன். பிளைவூட்டை, ஏற்கெனவே அறைந்த பலகைக்கும் அந்தச் சாத்திய கதவுக்கும் இடையில் வைத்து, மயிரிழை இடைவெளி இல்லாமல் தட்டி இறுக்கினேன். அசையவில்லை. அப்பா பார்த்திருந்தால் அழுதிருப்பார் என்று நினைத்தேன். (சரியாகத்தான் நினைத்திருக்கிறேன்.)

மாமி எழும்பினார். ஊன்றுகோலை வைத்து வைத்து, அறையின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைவரை நடந்தார். இடறவில்லை. என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

அந்த நேரம் குண்டு போடும் கிபிர் விமானம் இரைந்தது.

வெளியே சனம் கத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் பங்கர், பதுங்குகுழி, வாசலுக்கு நேரே வேலியோரம் இருந்தது. நான் கதவை இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். உள்பக்கம் திறக்கும் கதவு அது. அதன் காலடியில் நானே ஒரு பலகையை இறுக்கி வைத்திருந்தேன். வேறு கதவு இல்லை. யன்னல் ஒன்று இருந்தது. நான் நுழையலாம், மாமி நுழைய முடியாது.

"நீ போ பிள்ளை, யன்னலாலை குதி!" என்றார் மாமி.

கலியாணம் முடித்து வந்தபின் அவர் என்னிடம் நேரே சொன்ன முதல் சொல் அது.

"நான் போகேல்லை, மாமி."

"சொல்லுறதைக் கேள்! சின்னப்பிள்ளை நீ!"

"உங்களை விட்டிட்டு எங்கை போறது?"

விமானம் தாழப் பதிந்தது. மாமி ஊன்றுகோலை எறிந்துவிட்டு, என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிலத்தில் விழுந்தார். என் தலையைத் தன் நெஞ்சுக்குக் கீழே அமத்தினார். அவர் முருகனைக் கூப்பிட்டார், நான் மாதாவைக் கூப்பிட்டேன். குண்டு குளத்துப் பக்கம் எங்கோ விழுந்தது. கூரைத் தூசி எங்கள் மேல் கொட்டியது. இரைச்சல் தேய்ந்து போன பிறகும் அவர் பிடியை விடவில்லை. அவருடைய நெஞ்சு அடிப்பது என் காதுக்குள் கேட்டது.

கடைசியில் கையால் பிளைவூட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, உன்ர பலகை ஆடேல்லை."

நான் அழத் தொடங்கினேன். அவரும் அழுதார்.

வயலிலிருந்து பதறி ஓடிவந்த கணவர் கதவில் அடித்தார். "அம்மா! கதவைத் திறவுங்கோ!"

"திறக்கேலாது, தம்பி. உன்ர மனுசி எங்களை உள்ளுக்கு வைச்சுப் பலகை அடிச்சுப்போட்டாள். யன்னலாலை வா."

அவர் வந்து, கதவைத் தாங்கும் பிணைச்சலைக் கழற்றி, கதவின் அடியை அரிந்த பிறகுதான் நாங்கள் வெளியே வந்தோம்.

இப்போது மாமிக்கு எண்பது கடந்துவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும், நான் தேநீர்த் தட்டோடு வரும் நேரம் பார்த்துச் சொல்வார்: "இவள் என்னோட கதைக்கிறதுக்காக என்னை அறைக்குள்ளை வைச்சு ஆணி அடிச்சவள். அண்டைக்குத் துவங்கின கதை, இன்னும் நிப்பாட்டேல்லை."