இரண்டாம் சாட்சி தேடித் திருப்பியனுப்பியார் புரிந்த பெரும்போர்

குறையில்லா விண்ணப்பம் என ஒன்று இவ்வுலகில் இல்லை என்பதை முப்பத்தோராண்டு அரசு நாற்காலியில் அமர்ந்து நிறுவிய பெருந்தகையே, தேதி விடுபட்ட தாளைத் தொலைவிலிருந்தே முகர்ந்தறியும் நாசியுடையோனே, கண்ணீரோடு வந்தோரையும் ‘முடிச்சிட்டு வாங்க’ என்னும் இரு சொற்களால் புறங்காட்டச் செய்தோனே, உடன் பணியாற்றியோர் முதுகுக்குப் பின்னால் சூட்டிய ‘திருப்பியனுப்பி’ என்னும் பட்டத்தைப் பணி ஓய்வு விழாவன்றுதான் முதன்முதலாகச் செவியுற்றோனே, வாழ்க நீ! வாழ்க நின் நீலமைப் பேனா! நீயே ஒரு விண்ணப்பம் கொடுக்கப்போய்ப் பட்ட பாட்டை இனிச் சொல்லப் புகுகிறோம்.

போர் மூண்ட காரணம் இது. ஓய்வுபெற்ற திருப்பியனுப்பியார், பொழுது போகாமல், தம் குலவரலாற்றை நூலாக்கி ஐந்நூறு படி அச்சிட்டு அகிலமெங்கும் வழங்கச் சித்தங்கொண்டார். நீண்ட தாளில் கிளை கிளையாகக் குலமரம் தழைத்தது. தந்தையின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கட்டம் வெறுமையாய் நின்றது. அது தந்தையின் தங்கை, இவருக்கு அத்தை. பத்தொன்பது வயதில் மனநல மருத்துவமனைக்குள் போனவள், இருபத்தாறு ஆண்டு அங்கேயே இருந்து அங்கேயே இறந்துபோனாள். வீட்டில் அவளைப் பற்றிப் பேச்சே கிடையாது. அப்படி ஒருத்தி இருந்ததே தெருவுக்குத் தெரியாது.

“அப்பா அவளக் கொண்டுபோய் விட்டுட்டுத் தலைமுழுகிட்டார்டா. ஒரு தடவகூடத் திரும்பக் கூட்டிட்டு வர நெனைக்கல” என்பது அக்காவின் தீர்ப்பு. தந்தைமேல் உயிரையே வைத்திருந்த மகனுக்கு அது நெஞ்சில் தைத்த முள். மெய்யோ பொய்யோ, அதைச் சொல்ல உலகில் எஞ்சியிருந்தது அத்தையின் மருத்துவக் கோப்பு ஒன்றே.

எழுந்தது படை. மும்மூன்று நகல்களும், இரட்டைப் பேனாக்களும், பசைக்குப்பியும், குண்டூசிப் பெட்டியும் புடைசூழ, அக்காவின் கையெழுத்தை முதற்சாட்சியாகப் பொறித்த விண்ணப்பத்தை மார்போடணைத்து, மருத்துவமனையின் நிலவறைப் படிகளில் இறங்கினார் நம் வீரர். ஆங்கே இரும்பலமாரிகள் அணிவகுத்து நிற்க, மின்விசிறி முனக, ஒற்றைக் கைப்பிடி நாற்காலியில் வீற்றிருந்தார் ஆவணக் காப்பாளர் அம்மையார். தாளை வாங்கினார். ஒரே பார்வைதான்.

“உறவுக்காரங்களா இல்லாத இன்னொரு சாட்சி வேணும் சார். முடிச்சிட்டு வாங்க.”

முப்பத்தோராண்டு தாம் தீட்டி வைத்த வாள் தம் கழுத்திலேயே இறங்கக் கண்ட திருப்பியனுப்பியார் சினந்தாரில்லை. இவ்வளவு விரைவாகக் குறை கண்டறிந்த அம்மையார்மேல் அவருக்கு உள்ளூர மதிப்பே பிறந்தது. விண்ணப்பத்தின் இரண்டாம் சாட்சிக் கட்டத்தைத் தாம் பார்க்காமல் விடவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். பார்த்தும் பாராததுபோல் வந்திருந்தார்.

ஏனெனில் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டுமானால், எவனோ ஒரு வெளியாளிடம் போய், மனநல மருத்துவமனையில் எனக்கொரு அத்தை இருந்தாள் என்று வாய்திறந்து சொல்லியாக வேண்டும். ஐந்நூறு படி அச்சிட்டு ஊருக்கே உரைக்கத் துணிந்த மாவீரர், ஒரே ஒருவரிடம் உரைக்க நடுநடுங்கினார்.

முதல் நாள் மருந்துக்கடையை முற்றுகையிட்டார். விண்ணப்பத்தின் தலைப்பை உள்ளங்கையால் மறைத்து, சும்மா ஒரு கையெழுத்து என்றார். கடைக்காரர், “என்னன்னு தெரியாம எப்படி சார் போடுறது?” என்றார். அதுவும் இவர் ஊருக்குப் போதித்த பாடமே. தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு பின்வாங்கினார். மறுநாள் காலை நடையில் உடன்வரும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளரை மடக்கி, வீட்டுவரிப் பெயர் மாற்றம் என்று கூசாமல் புளுகினார். நண்பர் படித்துப் பார்க்கக் கண்ணாடியை எடுத்ததுதான் தாமதம், நம் வீரர் எடுத்த ஓட்டத்தைப் பரிகளும் கண்டு நாணியிருக்கும்.

மூன்றாம் நாள், தோல்வியுற்ற தலையைச் சற்றே திருத்திக்கொள்ளச் சலூனுக்குள் புகுந்தார். வெண்துகில் போர்த்தி அமர்ந்தவரின் மடியில், துகிலுக்கு அடியில், அதே விண்ணப்பம்.

“மடியில என்ன சார், முட்டையா வச்சிருக்கீங்க? ஆடாம அசையாம இருக்கீங்களே” என்றார் முடிதிருத்துபவர்.

கத்தரிக்கோல் காதருகே கிறீச்சிட, எதிரே கண்ணாடியில் தம் முகத்தையே பார்த்தபடி, அரைத்தலை முடியோடு, திருப்பியனுப்பியார் தம் வாழ்வின் மாபெரும் பிரகடனத்தை முழங்கினார். முழங்கியது அவர் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“எங்க அத்தை. மனநல ஆஸ்பத்திரியில இருந்தாங்க. இருபத்தாறு வருஷம். அங்கேயே போய்ட்டாங்க.”

கத்தரிக்கோல் நின்றது. முடிதிருத்துபவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

“எங்க போடணும்?”

அன்று பிற்பகலே நிலவறைக் கோட்டை வீழ்ந்தது. அம்மையார் கொணர்ந்த கோப்பின் நூல் தொட்டதும் அறுந்தது. மருந்துக் குறிப்புகளுக்கும் எடை அட்டைகளுக்கும் அடியில் மூன்று விண்ணப்பங்கள் கிடந்தன. மூன்றும் தந்தையின் கையெழுத்து. ‘என் தங்கையை வீட்டிற்கு அழைத்துச் செல்ல அனுமதி வேண்டி.’ மூன்றிலும் முதற்சாட்சியாக அம்மா எழுத்துக் கூட்டிப் போட்ட கையெழுத்து இருந்தது. மூன்றாவது தாளில், உறவினரல்லாத இரண்டாம் சாட்சிக்குரிய கட்டத்தில், ‘பக்கத்து வீட்டு’ என்று தொடங்கி, தந்தையே அடித்திருந்தார். குறுக்கே சிவப்பு மை: இரண்டாம் சாட்சி இல்லை, திருப்பி அனுப்பப்படுகிறது. அதைப்போல் எத்தனை எழுதியிருப்போம் என்று எண்ணிப் பார்க்க முயன்று, முடியாமல், அவர் அழுதார்.

அக்காவை அழைத்தார். “மூணு தடவ எழுதிக் குடுத்திருக்கார்க்கா.”

“அப்புறம் ஏன்டா கூட்டிட்டு வரல?”

“வெளியாள் ஒருத்தர்கிட்டச் சொல்லணுமேக்கா.”

இவ்வாறு, நிலவறை பிளந்து, சிவப்பு மையைச் சிதைத்து, அடிக்கப்பட்ட எழுத்தையும் மீட்டு, குலமரத்தின் வெறுங்கட்டத்தில் அத்தையின் பெயரைத் தம் நீலமைப் பேனாவால் பொறித்து, வாகை சூடி வீடு மீண்டார், பாதி திருத்திய தலையுடன் திருப்பியனுப்பியார். கையெழுத்துப் போட முடிதிருத்துபவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.