சுத்தாத ஸ்பீக்கர் பெட்டி

எங்க வூட்டுக்காரர் ஜெயப்பிரகாஷ் நெய்வேலி மைன்ஸ்ல கான்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியன். மலை மாதிரி மண்ணை வெட்டுற மெஷினே அவர் கை பட்டாத்தான் ஓடும். அப்படின்னு அவர்தான் சொல்வார். நானும் பெருமையா கேட்டுக்கினு இருப்பேன்.

பண்ருட்டியில ஒரு பாட்டுக் கோஷ்டி கலைஞ்சுதுன்னு, அவங்களோட பழைய எலெக்ட்ரிக் ஆர்கனையும், பீரோவுல பாதி உசரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டியையும் கொண்டாந்துட்டார். பெட்டிக்குள்ள புனல் மாதிரி ஒரு கொம்பு, அதைச் சுத்த ஒரு மோட்டார். அது சுத்தினா பாட்டு அலையலையா வருமாம். பெட்டி வைக்க இடமில்லைன்னு ஹால்ல கட்டியிருந்த தூளியை அவிழ்த்துட்டார். அன்னையிலேர்ந்து எங்க பாப்பா மணிமொழிக்கும் தூக்கமில்ல, எனக்கும் இல்ல.

"தூளி கட்டணுங்க."

"கலை வளர்ற இடத்துல தூளியா?"

ஆர்கனுக்கும் பெட்டிக்கும் வயர் கொடுத்தார். சத்தம் வந்துச்சு. கொம்பு அசையல. பெல்ட்டை மாத்தினார், மோட்டாருக்கு எண்ணெய் விட்டார், தட்டினார், திட்டினார். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஷிஃப்ட் ஆளுங்களையெல்லாம் பாட்டு கேக்கக் கூப்பிட்டாச்சு. மனுஷனுக்கு வேர்த்து ஊத்துது.

அன்னிக்குக் காலையில துணி ஊறவைக்கறேன். ஆர்கன் வந்த அன்னிக்கு அவர் போட்டிருந்த காக்கிச் சட்டை. பாக்கெட்டுல ஒரு கண்ணாடி ஃபியூஸ்! மைன்ஸ் பழக்கம். எதைத் தொட்டாலும் முதல்ல ஃபியூஸைப் புடுங்கி பாக்கெட்டுல போட்டுக்கணும், அப்பத்தான் வேற யாரும் கரண்ட் விட முடியாதுன்னு தினமும் பாடம் எடுப்பார். புடுங்கறது ஞாபகம் இருந்துது. திரும்ப மாட்டறது மறந்துபோச்சு.

நான் நாலு பேர் முன்னாடி வாய் திறக்காதவ. அன்னிக்குப் பக்கத்து வூட்டுப் பேச்சியம்மாள் அக்காவைக் கூட்டியாந்து நிறுத்திக்கினு கேட்டேன்.

"ஏங்க, நான் சுத்த வெச்சா?"

"நீயா? மிக்ஸி சுத்தலன்னாலே என்னைக் கூப்பிடறவ!"

"வெச்சா பெட்டி மூலைக்குப் போவணும். தூளி திரும்பி வரணும்."

"வெச்சிட்டின்னா தினம் பாப்பாவை நானே தூங்க வைக்கறேன், போ! யக்கா, நீங்கதான் சாட்சி!"

அவர் முகம் கழுவப் போனதும் பிளக்கைப் புடுங்கிட்டு, பெட்டிக்குப் பின்னாடி, மோட்டாருக்குன்னு தனியா காலியாக் கெடந்த எடத்துல ஃபியூஸை மாட்டினேன். அப்புறம் சுவிட்சு. கொம்பு கிறுகிறுன்னு சுத்துச்சு.

"எப்படிடி?"

"கைராசிங்க."

சாயந்திரம் வந்தவங்ககிட்ட, "நானே சரி பண்ணேன்"னார். எல்லாரும் கை தட்டினாங்க. நான் கதவு மறைவுல நின்னுக்கினு ரொம்பப் பெருமையா தட்டினேன்.

பாப்பாவுக்கு இப்ப அந்த அலைப் பாட்டு இல்லாம கண்ணு சொக்கறதில்ல. ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் ஒரு கை ஆர்கன்ல, ஒரு கை தூளியில. மைன்ஸ்ல அவர் இன்னும் கான்ட்ராக்ட்தான். தூளிகிட்ட பர்மனெண்ட் ஆயிட்டார்.