கவுனியரிசியில் ஒரு பிடி

கோழிக்குஞ்சுகளுக்கு வைக்கலாம் என்று மொட்டை மாடிக்குக் கொண்டுபோன கிண்ணத்தில் கல் பாதிதான் இருந்தது. செம்மலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ராத்திரி கழுவிப் போட்ட கல் இருக்கிறது. காலையில் கழுவிப் போட்ட பிடியைக் காணோம்.

கோழிக்குப் பல் கிடையாது. வயிற்றுக்குள் கிடக்கும் பொடிக்கல்தான் அதற்குத் தீனியை அரைத்துக் கொடுக்கிறது. செக்காலை மாதிரி டவுன் தெருவில், சிமெண்டு மாடியில் வளர்கிற குஞ்சு கல்லுக்கு எங்கே போகும்? பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் கருங்கல் கிரஷர் பொடி கேட்டு வாங்கி, சலித்து, தூசி போகக் கழுவி வைப்பது செம்மலையின் வேலை. தன் ஜெராக்ஸ் கடையில்கூட அவர் இவ்வளவு சுத்தம் பார்த்ததில்லை.

அந்தப் பிடியை எங்கே போட்டோம் என்று யோசித்தார். அடுப்படி மேடையில் இரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் தண்ணீருக்குள் கல், கறுப்பு. இன்னொன்றில் மனைவி நாகஜோதி ஊறப்போட்டிருந்த கவுனியரிசி, அதுவும் கறுப்பு. காலையில் அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

கீழே குக்கர் விசில் அடித்தது. அந்தப் பிடி கல் இப்போது அரிசியோடு வெந்துகொண்டிருந்தது.

இன்றைக்கென்று பார்த்தா இது நடக்க வேண்டும்? மகள் சத்தியப்பிரியாவைப் பெண் பார்க்க நாட்டரசன்கோட்டையிலிருந்து வருகிறார்கள். போன தடவை வந்தவர்கள் மாடியில் சேவல் கூவியதைக் கேட்டு, "டவுனுக்குள்ள கோழியா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். இந்த மாப்பிள்ளை கதிரவனின் போட்டோவைப் பார்த்துத்தான் சத்தியப்பிரியா முதல் தடவையாக, "சரிப்பா, வரச் சொல்லுங்க" என்றிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகச் செம்மலை வீட்டுக்கு வெள்ளையே அடித்துவிட்டார். சேவலைத் தம்பி வீட்டுக்கு அனுப்பி, கோழிகளையும் குஞ்சுகளையும் பஞ்சாரக் கூடைக்குள் போட்டுக் கவிழ்த்தாயிற்று.

"கோழி வளக்குறதே தெரியப்படாது. தெரிஞ்சுச்சு, அம்புட்டுத்தான்" என்று நாகஜோதி உத்தரவு போட்டிருந்தாள். கோழியைச் சொல்லாமல் கல்லை எப்படிச் சொல்வது?

செம்மலை படியிறங்கி ஓடினார்.

"ஜோதி, இன்னைக்குக் கவுனியரிசி வேண்டாமே. கேசரி கிண்டிரு."

"வாசல்ல கார் வந்து நிக்குது. இப்பப் போயி கேசரியா? தள்ளுங்க அங்குட்டு."

மாப்பிள்ளையின் அம்மா புஷ்பவள்ளி முதலில் வந்தார். பின்னால் ஒரு பையோடு அப்பா சின்னச்சாமி, அவருக்கும் பின்னால் கூச்சத்தோடு கதிரவன். உட்கார்ந்ததும் புஷ்பவள்ளி மோப்பம் பிடித்தார். "கவுனியரிசி வேகுது போலயே! எனக்குன்னா அது உசுரு."

செம்மலைக்குத் தன் உயிர் போவது போலிருந்தது.

"அது ரொம்ப இனிப்புங்க. இந்த வயசுல சக்கரை ஏறிரும்..."

புஷ்பவள்ளியின் முகம் மாறியது. "எனக்குச் சக்கரை இருக்குன்னு யாரு சொன்னா? வெளிய விசாரிச்சீகளோ?"

"ஐயையோ, பொதுவாச் சொன்னேங்க!"

நாகஜோதி அடுப்படி வாசலிலிருந்து முறைத்தாள். செம்மலை அவளைத் தாண்டி உள்ளே போய், சர்க்கரை டப்பாவைத் தூக்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"சொல்லவே கூச்சமா இருக்குங்க. வீட்டுல சக்கரை தீந்துபோச்சு. முறுக்கு சாப்பிடுவோமா?"

பெண் பார்க்க வந்தவர்களிடம் வீட்டில் சர்க்கரை இல்லை என்று சொன்ன முதல் தகப்பன் அவராகத்தான் இருப்பார். ஆனால் புஷ்பவள்ளிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அதுக்கென்ன! நாங்க நாட்டுச் சக்கரை கொண்டாந்திருக்கோமே. எங்க தோட்டத்துக் கரும்பு. ஏங்க, அந்த டப்பாவ எடுத்துக் குடுங்க."

சின்னச்சாமி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கல் எப்படியும் அடியில்தான் தங்கும், மேலாக அள்ளி வைத்துவிடலாம் என்று செம்மலைக்கு ஒரு கடைசி நம்பிக்கை இருந்தது. நாகஜோதி நாட்டுச் சர்க்கரையைக் கொட்டி, நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டு, கை வலிக்கக் கிண்டிவிட்டாள். சத்தியப்பிரியா எல்லோருக்கும் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

புஷ்பவள்ளி ஒரு வாய் வைத்தார். நறுக்கென்று சத்தம் கேட்டது.

அவர் மெல்லுவதை நிறுத்திக் கணவரைப் பார்த்தார். சின்னச்சாமி குனிந்துகொண்டார். அவர் வாயிலும் நறுக். நாகஜோதி வாயில் ஒன்று அகப்பட, அவள் செம்மலையைப் பார்த்தாள். செம்மலை மின்விசிறியைப் பார்த்தார்.

வந்த இடத்தில் கல் கிடக்கிறது என்று விருந்தாளி சொல்ல முடியாது. விருந்தாளி சொல்லாததை வீட்டுக்காரர் சொல்ல முடியாது. எல்லோரும் மரியாதையாக அரைத்து விழுங்கினார்கள்.

கதிரவன் மட்டும் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நீட்டினான். "இன்னுங் கொஞ்சம் வைங்க."

சத்தியப்பிரியா திகைத்துப்போய் வைத்தாள். அதையும் தின்றுவிட்டு மறுபடி கேட்டான். பாத்திரம் வழித்தெடுக்கும் வரை அவன் விடவில்லை. பையனுக்கு நாக்கே இல்லையா என்று செம்மலைக்குக் கவலையாகிவிட்டது.

வெற்றிலைத் தட்டு வருவதற்குள் புஷ்பவள்ளி எழுந்துவிட்டார். "நேரமாச்சு. நாங்க போன் பண்றோம்" என்றார். யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. சின்னச்சாமி அதற்கு முன்பே காரில் ஏறியிருந்தார். பெண் வீட்டில் 'போன் பண்றோம்' என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அரிசிய நான் பாத்துப் பாத்துல்ல பொறுக்குனேன். கல்லு எப்பிடி வந்துச்சு?" என்றாள் நாகஜோதி.

செம்மலை சொன்னார். அவள் கத்தவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நல்ல மனுசரா இருந்தாருப்பா" என்றாள் சத்தியப்பிரியா. "ஒரு வார்த்தை குறை சொல்லல." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

செம்மலையால் தாங்க முடியவில்லை. போகிற மானம் தன்னோடு போகட்டும், மகளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது. கோழி, கல், கிண்ணம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று போனை எடுத்து, மனைவியும் மகளும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். புஷ்பவள்ளிதான் எடுத்தார்.

"தங்கச்சி, நான் செம்மலை பேசுறேன். அந்தக் கவுனியரிசியில கெடந்த கல்லு இருக்குல்ல, அது வந்து..."

"ஐயோ அண்ணே, அதச் சொல்லிக் காட்டாதீக! வெக்கத்துலதான் வெத்தலகூடப் போடாம ஓடியாந்தோம். மிச்சத்த நீங்க தின்னுறக் கூடாதுன்னுதான் எம்மகன் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னான். கோவத்துல பொண்ணத் தரமாட்டேன்னு மட்டும் சொல்லிப்புடாதீக. எங்க வீட்டுக் கோழிக்குக் கல்லு அள்ளுன கையக்கூடக் கழுவாம அந்தச் சக்கரையையும் டப்பாவுல அள்ளிப் போட்டிருக்காரு இந்தப் பாவி மனுசன்!"