சிவப்பு லைட்டும் என் ஞாயித்துக்கெழமையும்

இனிமே என் காரு யாரு வூட்டு விசேஷத்துக்கும் போவாது. சித்திரை ஒண்ணாந்தேதி சாமி படத்துக்கு முன்னால சூடம் அணைச்சு சத்தியம் பண்ணேன். மனசுக்குள்ளதான் பண்ணேன். வாய் உட்டுப் பண்றதுக்கு நான் இன்னா கல்யாணம் ஆவாதவனா?

விழுப்புரத்துல எனக்கு மல்லாட்டை மண்டி, அதாங்க வேர்க்கடலை. வாரத்துல ஆறு நாளு மூட்டையோட மல்லாடறேன். ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துது. கறிக்கொழம்பு சாப்ட்டமா, காத்தாடிக்கு அடியில உருண்டமான்னு இருப்பேன். எண்பத்து மூணுல ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினேன் பாருங்க, அதோட போச்சு. என் பொண்டாட்டி தையல்நாயகிக்கு கெடார்ல ஒரு அண்ணன், ராஜாங்கம். அந்த வூட்டுல மாசம் தவறாம ஒரு காதுகுத்து, ஒரு நலங்கு, ஒரு பொண்ணு பாக்கறது. ஒவ்வொண்ணுக்கும் பதினோரு பேரு ஏறுவாங்க. ஆறு பேரு சீட்டு மேல, மிச்சம் பேரு என் மேல.

இந்தத் தடவை ராஜாங்கம் பொண்ணுக்கு மயிலம் கோயில்ல காதுகுத்து. ஞாயித்துக்கெழம மூணு நடை அடிக்கணும்னு வெள்ளிக்கெழமையே உத்தரவு வந்துடுச்சி.

எஞ்சினுக்கு ஆயிலு சரியாப் போவலன்னா ஸ்டேரிங்குக்கு முன்னால சிவப்பா ஒரு லைட்டு எரியும். எரிஞ்சா வண்டிய எடுக்கக் கூடாது. நான் ராத்திரியே மூளைய கசக்கி, ஒரு ஒயர எடுத்து பேட்டரியிலேர்ந்து அந்த லைட்டுக்கு நேரா குடுத்துட்டேன். சனிக்கெழம காலையில எஞ்சின ஓட உட்டுட்டு அவள கூப்ட்டேன்.

"தையலு, வந்து பாரு. சிவப்பு லைட்டு எரியுது."

"எரிஞ்சா இன்னாங்க?"

"வண்டி நடுரோட்டுல படுத்துக்கும்டி. உங்கண்ணன் வூட்டாரு பச்சப்புள்ளய வெச்சிக்கினு வெய்யில்ல நிக்கணும்."

"ஐயய்யோ! அப்பன்னா திண்டிவனம் பெரியதம்பிய கூப்புடுங்க."

"அந்தாளு எப்ப வரது..."

"நான் இப்பவே போன் போட சொல்லி ஆள் அனுப்பறேன்."

வந்துட்டாரு மெக்கானிக்கு பெரியதம்பி. குச்சிய உட்டு ஆயில பாத்தாரு. பைப்ப கழட்டி பாத்தாரு. ஸ்குரூ டிரைவர எஞ்சின் மேல வெச்சி, பிடிய காதுல வெச்சி டாக்டராட்டம் கேட்டாரு. உள்ள வந்து எட்டிப் பாத்தா லைட்டு ஜெகஜ்ஜோதியா எரியுது.

"ஆயிலு இருக்கு. தண்ணி இருக்கு. சத்தம் சுத்தமா இருக்கு. ஆனா எரியுதே!"

"நல்லா பாருங்க மேஸ்திரி" ன்னேன் மொகத்த தொங்கப் போட்டுக்கினு.

"இருவது வருஷத்துல இப்டி ஒரு பேஜார நான் பாத்ததில்லீங்க."

பாவம், மனுஷன் அழாத கொறை. ஆனா ஞாயித்துக்கெழமைய நெனச்சேன், மனச கல்லாக்கிக்கினேன். "இன்னா கோளாறுன்னே தெரியல. வண்டிய எடுக்கறது தப்பு" ன்னு தீர்ப்பு சொன்னேன். அவரு தலைய ஆட்டிக்கினே பஸ் ஏறிட்டாரு.

பொழுது சாஞ்சுது. வாசல்லேர்ந்து குரல்.

"ஏங்க, கொஞ்சம் வாங்க."

போனேன். காருக்குள்ள இருட்டு. இருட்டுல அந்த லைட்டு மட்டும் கண்ண உருட்டுது.

"எஞ்சினு தூங்குது. சாவி என் கையில இருக்குது. இந்த லைட்டு மட்டும் யாரு வூட்டு கரண்ட்டுல எரியுதுங்க?"

"அது... உள்ளார சூடு தணியற வரைக்கும்..."

குனிஞ்சா. கைய உட்டா. ஒரே இழுப்பு. மஞ்ச ஒயரு வந்துடுச்சி, லைட்டு அணைஞ்சிடுச்சி.

"வாசல் பெல்லு ஏன் காலையிலேர்ந்து அடிக்கலன்னு இப்பதான் புரியுது."

"உங்கண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாத தையலு. மானமே போயிடும்."

"சேச்சே! கட்டின புருஷன நாலு பேரு முன்னால உட்டுக் குடுப்பனா?"

இவ இல்லடா பொண்டாட்டி, தெய்வம்னு நெனச்சேன். மறுநாளு வாயத் தொறக்காம மூணு நடை அடிச்சேன். மயிலத்துல பந்தியில எல எடுக்கறதுக்குள்ள எழுந்து நின்னா.

"அண்ணே, திண்டிவனம் மெக்கானிக்கே கைய விரிச்சிட்டாரு. உங்க மாப்ள உள்ளார கைய உட்டாரு, ஒரே நிமிஷத்துல சரி பண்ணிட்டாரு!"

ராஜாங்கம் சோத்துக் கையோட ஓடியாந்தாரு. "இன்னா மாப்ளே, இத்தினி வருஷமா சொல்லவே இல்ல! எங்க ஆயில் எஞ்சினு ஆறு மாசமா மொனவுது..."

"அதெல்லாம் எனக்கு..." ன்னு ஆரம்பிச்சேன்.

"நெசத்த நான் சொல்லட்டுங்களா?" ன்னா தையல்நாயகி, ரொம்ப அன்பா.

"அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன் மச்சான்" ன்னேன்.

அதுலேர்ந்து ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கெடார்லதான். ஆயில் எஞ்சினு ஆச்சு, கரண்ட்டு மோட்டாரு ஆச்சு. ஒண்ணும் ஓடல, ஆனா எம்மேல நம்பிக்கை மட்டும் கொறையல. இந்த வாரம் ஒரு டிராக்டர் அடியில மல்லாந்துக்கினு, எது எங்க இருக்குதுன்னு தேடிக்கினு இருக்கேன். வெளிய வரிசையில நிக்கறவங்களுக்கு தையல்நாயகி டோக்கன் குடுத்துக்கினு இருக்கா.