மூழ்கிச் செத்த மீனுக்குக் கேதம்

கூட வேலை பார்ப்பவன்மேல் பொறாமையே வந்ததில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வந்தது. வந்து, வாடகை தராமல் குடியிருந்தது. (இன்னும் காலி செய்யவில்லை.)

ஐம்பதுகளின் கடைசியில் புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நான் விலங்கியல் லெக்சரர். பக்கத்து மேஜை சவரிமுத்து, ஆவூர்க்காரன். நான் பரிணாமத்தைப் படித்துப் படித்துக் கண்ணாடி போட்டேன். அவனோ ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏதாவது கிராமத்துக்குப் போய்த் தவளையைக் காட்டிப் பாடம் நடத்துவான். குளத்தூரில் கத்திரிக்காய் வாங்கப் போனால் காய்க்காரம்மா என்னைக் கேட்கிறாள்: "நீங்க சவரிமுத்து சாரு காலேசுங்களா?" எனக்கு வயிறு எரிந்தது. பாதிரிமார் பள்ளியில் படித்தவன், குரங்கிலிருந்து மனிதன் வந்த பேச்சை எடுக்கப் பயப்படுவான் என்று அதிலாவது ஆறுதல் தேடினேன். அவன் தன் ஊர் மாதா கோயில் வாசலிலேயே அதைப் பேசி, பங்குச் சாமியார் கையால் காப்பியும் குடித்துவிட்டு வந்தான்.

அந்த வருஷம் எங்கள் இருவரில் ஒருவரைக் கடலோர ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்கு அனுப்புவதாக இருந்தது. என் உயிரே அதில்தான் இருந்தது. பிரின்சிபால் சொன்னார்: "சனங்களுக்குப் புரியிற மாதிரி பேசுறவருதான் போகணும். சவரிமுத்து பேசிக் கேட்டாச்சு. நீங்களும் ஜெகதாப்பட்டினத்துல பேசுங்க, வந்து கேக்குறேன்."

அங்கே கடலோரச் சேற்றில் துடுப்பை ஊன்றி நடக்கிற மீன் ஒன்று உண்டு. மீன் தரையேறிய கதைக்கு அதைவிட நல்ல சாட்சி ஏது? காலையிலேயே போய் ஒன்றைப் பிடித்துவிட்டேன். சவரிமுத்து எப்போதும் பழைய ஊறுகாய் பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றித்தான் பிராணிகளைக் கொண்டுபோவான். 'கஞ்சப்பயல்' என்று நினைத்துக்கொண்டு நான் பெரிய கண்ணாடி ஜாடியில் கழுத்து முட்டக் கடல்நீரை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகி, பட்டுத்துணியும் போர்த்தி மேஜைமேல் வைத்தேன்.

சாயங்காலம் ஊரே கூடியிருந்தது. முன்வரிசையில் பிரின்சிபால். அவர் பக்கத்தில் சவரிமுத்து. (இவனை யார் கூப்பிட்டது?) நான் தூய தமிழில் முழங்கு முழங்கென்று முழங்கி, கடைசியில், "இதோ, நம் அனைவருக்கும் ஆதி மூதாதை!" என்று துணியை உருவினேன். (தூரத்துப் பங்காளி என்பதுதான் சரி. ஆவேசத்தில் பதவி உயர்வு கொடுத்துவிட்டேன்.)

மூதாதை மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குக் கேதம் கேட்க வருகிறவர் கையை நீட்டுவார், வீட்டுக்காரர் அதைத் தொடவேண்டும். முன்னால் உட்கார்ந்திருந்த மீனவர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேஜையருகே வந்தார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார்.

"வயசான கட்டை, என்ன செய்யிறது. மனசைத் தேத்திக்கங்க சார்."

பழக்க தோஷம், நானும் தொட்டுத் தொலைத்தேன்! அவ்வளவுதான், அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றுவிட்டது.

"காலையில அங்கிட்டு நல்லா நடந்துக்கிட்டுத்தானே இருந்தாரு?"

"எத்தனை மணிக்கு எடுக்குறீங்க?"

"ஆத்தாடி, கடைசியா ஒரு வாய் கஞ்சியாச்சும் குடிச்சாரா?"

பிரின்சிபால் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். அப்போது சவரிமுத்து எழுந்து வந்து ஜாடியைத் தூக்கிப் பார்த்தான்.

"சிரிக்காதீங்க. தண்ணியில முங்கிச் செத்த மீனை எங்கிட்டாச்சும் பாத்திருக்கீங்களா? இந்தா பாருங்க. மூடி வரைக்கும் தண்ணி, மூச்சு விடக் காத்தே இல்லை. நம்மளை மாதிரி இதுக்கும் காத்து வேணும். மீனு தரையேறுன கதைன்னு சாரு இவ்வளவு நேரம் சொன்னது இதைத்தான்."

"அடியாத்தே!" என்று ஊரே வாயைப் பிளந்தது. பிறகு கை தட்டியது, அவனுக்கு. என் மீன், என் மேடை, என் அவமானம், கைதட்டல் மட்டும் அவனுக்கு! பாவி என்னைக் காப்பாற்றிவிட்டான். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஆராய்ச்சி நிலையத்துக்கு அவன்தான் போனான். பெரிய பேராசிரியரும் ஆனான். இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் சாப்பாடு முடிந்ததும், "அந்த மீன் கேதத்தைச் சொல்லுங்க" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராவேன். உடனே அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்:

"நீங்க செத்த சும்மா இருங்க. சவரிமுத்து அண்ணன் வந்துக்கிட்டு இருக்காக. அவுக சொன்னாத்தான் சிரிப்பு வரும்."